நீல டிரம்மின் தண்ணீர்

தண்ணி குடிக்கிறீங்களா சார் என்று யசோதரா கேட்டது மரியாதைக்குத்தான். கண்ணாடித் தொட்டியை மூன்று கூலிக்காரர்கள் மூச்சு முட்ட மாடிக்கு ஏற்றியிருந்தார்கள். சுடலைராஜ் அவர்களுக்குப் பின்னால் வெறுங்கையை வீசிக்கொண்டு ஏறி வந்திருந்தான். இருந்தும் அதிகமாக வேர்த்திருந்தது அவனுக்குத்தான். மூன்று கூலிக்காரர்களும் குடத்திலிருந்து மொண்டு மொண்டு குடித்தார்கள். அவனிடம் எவர்சில்வர் டம்ளரை நீட்டியதும், லாரியை நிறுத்துகிற போலீஸ்காரர் மாதிரி உள்ளங்கையை உயர்த்திக் காட்டினான்.

"இல்லம்மா, நம்மகிட்ட இருக்கு."

பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் குடித்தான். நீட்டிய டம்ளரை என்ன செய்வது என்று தெரியாமல் யசோதரா தானே குடித்துவிட்டாள். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு, நீட்டிய தண்ணீரை ஒருவர் வாங்காமல் விடுவது புதிதில்லை. அவளுடைய அம்மா காலத்தில் அதற்கு ஒரு காரணம் சொன்னார்கள். இப்போது சுகாதாரம் என்கிறார்கள். எதுவாக இருந்தாலும் டம்ளர் என்னமோ அதே இடத்தில்தான் நிற்கிறது.

தண்டையார்பேட்டையில் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது அந்தப் படிப்பகம். ஒரு காலத்தில் ஆலைத் தொழிலாளர்கள் சந்தா போட்டு ஓட்டுக் கட்டடமாகக் கட்டியது. இப்போது ஏதோ ஒரு கம்பெனி, சமூகப் பொறுப்பு என்ற பெயரில் மாடி எடுத்துக் கொடுத்திருக்கிறது. அரசுத் தேர்வுக்குப் படிக்கிற நாற்பது பிள்ளைகள் காலை எட்டு மணிக்கே வந்து இடம் பிடித்துவிடுவார்கள். பதினோரு வருஷமாக யசோதராதான் பொறுப்பாளர். மாடி திறக்கும்போது, படிக்கிற பிள்ளைகளின் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று ஒரு மீன் தொட்டியும் அதே கம்பெனி கொடுத்தது. உயிருள்ள செடிகள் வளர்கிற தொட்டி. அதை அமைத்துப் பார்த்துக்கொள்ளும் வேலை ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் ஒரு நிறுவனத்துக்குப் போயிருந்தது. அந்த நிறுவனத்தின் ஆள்தான் சுடலைராஜ். கழுத்தில் தொங்கும் அட்டையில் சுடலைராஜ், கை குலுக்கும்போது மட்டும் ராஜ்.

சரளைக் கல்லைப் பரப்பி, செடிகளை வரிசையாக நட்டான். பின்பக்கம் நாடா நாடாவாக நீண்ட ரிப்பன் செடி, நடுவில் அகல இலை கொண்ட அமேசான், முன்னால் குட்டைப் புல். நட்டு முடித்துவிட்டு விளக்கைப் போட்டான். பிள்ளைகள் புத்தகத்தைக் கவிழ்த்துவிட்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள். திறப்பு விழாவில் மைக்கைக் கையில் கொடுத்தபோது, "இந்தச் செடிக்கு நான் பொறுப்பு" என்று ஊரறியச் சொன்னாள். அந்த ஒரு வார்த்தைதான் பிறகு அவளைத் தூங்கவிடாமல் அடித்தது.

கிளம்பும்போது சுடலைராஜ் ஒவ்வொன்றாகச் சொன்னான். எட்டு மணி நேரம் விளக்கு, மீனுக்கு இரண்டு வேளை ஒரு சிட்டிகை தீனி, வாரத்துக்கு ஒரு தடவை தண்ணி மாற்ற வேண்டும். கடைசியாகக் குரலைத் தாழ்த்தினான்.

"இந்த ஏரியா தண்ணி மட்டும் ஊத்திடாதீங்கம்மா. கேன் வாட்டர் வாங்கி ஊத்துங்க. இங்க தண்ணி எப்படின்னு உங்களுக்கே தெரியுமே."

யசோதரா தலையை ஆட்டினாள். அதுதான் அவள் செய்த தப்பு. எங்கள் தண்ணிக்கு என்ன என்று அங்கேயே ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்காதது மட்டுமில்லை, அவன் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். முதலில் தொட்டியை நிரப்பியதே கேன் தண்ணீரால்தான். அதன் பிறகு வாரா வாரம் கேன் வந்து இறங்கியது. படிப்பகத்தை நடத்துகிற தொழிலாளர் சங்கம் இதற்கெல்லாம் கொடுக்காது என்று தெரிந்து தன் சம்பளத்திலிருந்தே வாங்கினாள். வீட்டில் அவள் பிள்ளைகள் குடிப்பது காய்ச்சிய குழாய்த் தண்ணீர். தொட்டிச் செடிக்கு மட்டும் கேன்.

இவ்வளவும் செய்து செடி செழித்ததா? ஒரு வாரத்தில் அமேசான் இலையில் ஓட்டை விழுந்தது. இரண்டாவது வாரம் ரிப்பன் செடி நுனியிலிருந்து கண்ணாடிபோல வெளிறி, தொட்டால் கையோடு வழுக்கிக்கொண்டு வந்தது. புதிதாக வந்த ஒன்றிரண்டு இலையும் மஞ்சள் பூத்து முறுக்கிக்கொண்டிருந்தது. யசோதரா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். கூடுதலாக இருக்கட்டும் என்று வாரத்துக்கு இரண்டு தடவை கேன் தண்ணீர் மாற்றினாள். அழுகல் நிற்கவில்லை.

இருபத்து நாலாவது நாள் சுடலைராஜ் வந்தான். தொட்டியைப் பார்த்ததும் உச்சுக் கொட்டினான்.

"நான் அப்பவே சொன்னேன். பைப் தண்ணி ஊத்திட்டீங்க."

"இல்ல சார். கேன் தண்ணிதான் ஊத்துறேன். மொதல் நாள்லேர்ந்து அதான்."

"சரி சரி."

அந்தச் சரி சரி இருக்கிறதே, அதைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். பொய் சொல்கிறாய், எனக்குத் தெரியும், போகட்டும் விடு என்று மூன்றையும் இரண்டு சொல்லில் அடக்கிவிடுகிற சரி சரி. காலிக் கேன்கள் மூலையில் அடுக்கியிருந்ததை அவள் கையை நீட்டிக் காட்டினாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தொட்டிக்குள் கையை விட்டு ரிப்பன் செடிக் கொத்து நான்கைப் பிடுங்கினான். "செத்துப்போச்சு, குப்பையில போட்டுடுங்க" என்று ஒரு தட்டில் வைத்துவிட்டு, மேஜைமேல் இருந்த பார்வையாளர் பதிவேட்டை இழுத்து எழுதினான். எழுதியதைப் போனில் படமும் பிடித்துக்கொண்டான்.

"அடுத்து ஆகஸ்ட் கடைசியில வருவேன். பிளாஸ்டிக் செடி கொண்டாந்து வச்சுத் தர்றேன். உங்களுக்கும் தொல்லை இல்லை."

அவன் படியிறங்கிய பிறகு அவள் பதிவேட்டைப் படித்தாள். 'இப்பகுதி நீரும் பராமரிப்பும் உயிர்த்தாவரங்களுக்கு ஏற்றவை அல்ல. செயற்கைத் தாவரங்கள் பரிந்துரைக்கப்படுகின்றன.' கீழே கோணலாக ராஜ் என்று ஒரு கையெழுத்து.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும். எழுதினால் போகுமா? பதினோரு வருஷம் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் பூர்த்தி செய்து கொடுத்தவள் அவள். எழுதிய ஒரு வரி ஒருத்தரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று அவளுக்குத் தெரியும். போன மாதம்தான் தமன்னா ஒரு தனியார் கம்பெனி நேர்முகத்துக்குப் போய் வந்தாள். இந்தத் தெருப் பெண்தான், கெட்டிக்காரி. எங்கே இருந்து வருகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். தண்டையார்பேட்டை என்றதும், அங்கேயெல்லாம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். அடுத்த விண்ணப்பத்தில் தமன்னா அண்ணா நகரில் இருக்கும் அவளுடைய காலாம்மா, அதாவது சித்தி வீட்டு விலாசத்தை எழுதிக்கொண்டிருந்தாள். யசோதரா பார்த்துவிட்டாள்.

"இன்னாத்துக்கு இது? நீ குந்திகினு படிச்ச எடம் உனுக்கே கேவலமாப் பூட்ச்சா?" என்று பிள்ளைகள் முன்னால் வைத்தே கத்தினாள். தமன்னா அழுதுகொண்டே அந்தத் தாளைக் கிழித்தாள்.

இப்போது அவளுடைய மேஜையில், அவளுடைய பதிவேட்டிலேயே எழுதி வைத்திருக்கிறான். இந்த ஊர்த் தண்ணீரில் செடிகூட வளராதாம். இந்த வரி கம்பெனிக்குப் போகும். கம்பெனிக்காரர்கள் படித்துவிட்டுத் தலையாட்டுவார்கள். அங்கே அப்படித்தானே என்று அவர்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள்.

தட்டில் கிடந்த ரிப்பன் செடியைக் குப்பையில் போட அவளுக்கு மனசு வரவில்லை. இலைதான் கூழாகிப்போயிருந்தது. வேரைப் பிடித்துப் பார்த்தால் வெள்ளையாக, விறைப்பாக இருந்தது. வேர் இருக்கிற ஒன்றைச் செத்துப்போனது என்று எப்படிச் சொல்கிறான்? பின்பக்கத்து வராந்தாவில், கழிவறைக்கு வெளியே ஒரு நீல டிரம் உண்டு. தரை துடைக்கவும் கழிவறைக்கு ஊற்றவும் குழாய்த் தண்ணீர் பிடித்து வைப்பது அதில்தான். கொத்து நான்கையும் அதில் போட்டுவிட்டு வந்தாள். பிறகு மறந்தும்போனாள்.

மறந்ததற்குக் காரணம் தொட்டிதான். அவன் வைத்த கெடுவுக்குள் மிச்சச் செடியையாவது பிழைக்க வைக்க வேண்டும் என்று ஒரு வெறியே வந்துவிட்டது அவளுக்கு. கேனைத் தவிர வேறு தண்ணீரைத் தொடவில்லை. காலையில் வந்ததும் வாளியைக்கூட டெட்டால் போட்டுக் கழுவிவிட்டுத் தொட்டி வேலையைத் தொட்டாள். ஒருநாள், படிப்பகத்தில் குடத்துத் தண்ணீரைக் குடிக்கப் போனவள், கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு கேனைத் திறந்து குடித்தாள். அதை அவள் கவனிக்கவே இல்லை. அவள் குடிப்பதைப் பார்த்துப் பிள்ளைகளும் ஆளுக்கொரு பாட்டில் வாங்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். குடம் மேஜையைவிட்டு எப்போது இறங்கியது என்று யாருக்கும் தெரியாது.

ஜூலை மாதக் கடைசியில் ஒரு காலை, பெருக்கித் துடைக்க வருகிற பச்சையம்மா வராந்தாவிலிருந்து கூப்பாடு போட்டாள்.

"அடியே யசோ! இங்க வாடி! கக்கூஸ் டிரம்முல இன்னாடி நாத்து வுட்டு வச்சிகினுகிற?"

யசோதரா போய்ப் பார்த்தாள். அவளுக்கு நம்பத்தான் முடியவில்லை. குப்பை என்று பிடுங்கிப் போட்ட நாலு கொத்து ரிப்பன் செடியும் டிரம் முழுக்கப் பச்சைப் பசேலென்று விரிந்து கிடந்தது. பழைய இலை ஒன்றுகூட இல்லை. எல்லாம் புது இலை, விரல் அகலத்துக்கு, ஒரு முழ நீளத்துக்கு. ஒவ்வொரு கொத்திலிருந்தும் கொடி ஓடி, அதன் முனையில் ஒரு குட்டிச் செடி தொங்கியது. காலை வெயில் வராந்தாக் கம்பி வழியாக டிரம்முக்குள் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது.

"மொண்டு ஊத்தறப்பல்லாம் கையில சிக்கிகினே கீது. புடுங்கிப் போட்டுரவா?" என்றாள் பச்சையம்மா.

"கைய வச்சே, பாத்துக்க!"

பச்சையம்மா பயந்துபோய் மக்கைக் கீழே போட்டாள். யசோதரா ஒரு கொத்தைத் தண்ணீர் சொட்டச் சொட்டத் தூக்கிக்கொண்டு தொட்டியிடம் ஓடினாள். பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரே நாளில் ஒரே பையிலிருந்து பிரித்து நட்ட செடிகள். கேன் தண்ணீரும் விளக்கும் சரளையும் மோட்டாரும் கொடுத்து வளர்த்தது வெளிறிப்போய்ச் சாகக் கிடக்கிறது. கழிவறைக்கு ஊற்றுகிற குழாய்த் தண்ணீரில் கேட்பாரில்லாமல் கிடந்தது கொழுகொழுவென்று நிற்கிறது. அப்போதுதான் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்த குட்டி நத்தைகளைக் கவனித்தாள். செடியோடு வந்தவை. ஒவ்வொன்றின் ஓடும் சுண்ணாம்பு உதிர்ந்த சுவர்போல வெள்ளை வெள்ளையாக அரித்துப்போயிருந்தது.

அந்த வாரமே நேரம் ஒதுக்கி வண்ணாரப்பேட்டையில் கலர் மீன் கடை வைத்திருக்கும் தாவூது பாயிடம் போனாள். ஒரு பாட்டிலில் கேன் தண்ணீர், இன்னொன்றில் நத்தை. தாவூது நத்தையை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். கதையைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கேன் தண்ணில இன்னாம்மா கீது? சுண்ணாம்பு, உப்பு, சத்து அல்லாத்தியும் மிசின்ல வுட்டு உருவிட்டுதான் மூடி போட்டு விக்கிறான். மனுசன் அத்தக் குட்ச்சிட்டு பிரியாணி துன்னு பொழச்சிக்குவான். செடிக்கு ஏது பிரியாணி? தண்ணிலகீறதுதான் அதுக்குச் சோறு. இந்த நத்த ஓடு கட்டணும்னா அதுக்கும் சுண்ணாம்பு வாணாவா?"

"அந்த ஆளு கேன் தண்ணிதான் ஊத்தணும்னு சொன்னாரே பாய்."

"சொல்வான். ரெண்டாவது ஒண்ணு கேட்டுக்க. செடி விக்கிறவன் முக்காவாசிச் செடிய தலைய வெளியே வுட்டு ஈரத்துலதான் வளப்பான். முழுசா தண்ணிக்குள்ள எறக்குனா பழைய எலைய வுட்டுட்டு அப்பாலதான் புது எல வுடும். எந்தப் புதுத் தொட்டிலயும் மொதல் மாசம் அப்டித்தான் இருக்கும். வேர் கெட்டியா இருந்தா, தொடாம வுட்டுடணும். அத்தப் போயி செத்துட்ச்சுன்னு புடுங்கிக் கீறானே, அவன்லாம் ஒரு தொழில்காரனா?"

எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் டிரம்மில் வைத்தால் குளோரின் மருந்து வாடை போய்விடும். பிறகு தினம் கொஞ்சமாக மாற்ற வேண்டும், ஒரேயடியாக மாற்றினால் மீன் தாங்காது. விளக்கு ஆறு மணி நேரம் போதும். தண்ணீரை வடிகட்டும் மோட்டாரில் இருக்கும் பஞ்சைச் சோப்புப் போட்டுக் கழுவக் கூடாது, தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்து வைக்க வேண்டும். யசோதரா எல்லாவற்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டாள். ஆனால் அவள் மனசு அதில் இல்லை.

திரும்பி நடந்து வரும்போது அவளுக்கு வந்த கோபம் சுடலைராஜ் மேல் இல்லை. அவனை என்ன சொல்ல? அவனுக்கு இந்த ஊர் தெரியாது. நாற்பத்து நாலு வருஷமாக இந்தத் தண்ணீரைக் குடித்து உயிரோடு நிற்பவள் அவளல்லவா? இதே தண்ணீரில் பிள்ளை பெற்றாள், சோறு வடித்தாள். கழுத்தில் அட்டை மாட்டிய ஒருத்தன் வந்து குரலைத் தாழ்த்தி ஒரு வார்த்தை சொன்னான். அப்படியே நம்பிவிட்டாள். கேள்வி கேட்கக்கூட வாய் வரவில்லை. உள்ளே எங்கேயோ அவளும் அப்படித்தானே நினைத்திருக்கிறாள், இது கலீஜ் தண்ணி என்று. ஒரு விலாசத்துக்காகத் தமன்னாவை அழ வைத்தவள், தானே ஒரு கேனை வாங்கி வைத்து அதே காரியத்தைச் செய்திருக்கிறாள். நடுரோட்டில், கன்டெய்னர் லாரிச் சத்தத்துக்கு நடுவே, "தூ" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள்.

படிப்பகத்துக்கு வந்ததும் முதல் வேலையாகக் குடத்தைத் தேய்த்துக் கழுவி, காய்ச்சி ஆற வைத்த குழாய்த் தண்ணீரை நிரப்பி மேஜைமேல் வைத்தாள். தமன்னா படித்துக்கொண்டிருந்த மேஜைக்குப் போய் நின்றாள்.

"அன்னிக்குக் கத்துனேன்ல, அது தப்பும்மா. நானும் அதே வேலதான் பண்ணிக்கிறேன்."

என்ன தப்பு என்று தமன்னாவுக்குப் புரியவில்லை. யசோதரா டிரம்மையும் தொட்டியையும் காட்டி விளக்கியதும் புரிந்தது. அன்றிலிருந்து தண்ணீர் மாற்றும்போது வாளி பிடிக்க அவளும் வந்தாள்.

உடனே ஒன்றும் மாறிவிடவில்லை. முதல் வாரம் கண்ணாடியில் பச்சைப் பாசிதான் படர்ந்தது. பச்சையம்மா அதைப் பார்த்துவிட்டு, "இது இன்னாடி பேஜாரு, இருந்தது தேவலாம் போலகீதே" என்றாள். யசோதரா பல்லைக் கடித்துக்கொண்டு பழைய பிளாஸ்டிக் அட்டையால் பாசியை வழித்துப் போட்டாள். டிரம்மில் இருந்த நாலு கொத்தையும் பழைய இடத்திலேயே நட்டாள். காலையில் விளக்கைப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை, மாலையில் அணைப்பதற்கு முன்னால் ஒரு தடவை, தரையில் உட்கார்ந்து பார்ப்பாள். தெருவில் டிரெய்லர் போனால் தொட்டித் தண்ணீர் மெல்ல அதிரும். வேரைத் தோண்டிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். தாவூது பாய் சொன்னதை நினைத்துக் கையை மடியில் வைத்துக்கொள்வாள்.

பதினோராம் நாள் அமேசான் செடியின் நடுக்குருத்திலிருந்து ஒரு இலை எட்டிப் பார்த்தது. முறுக்கல் இல்லை, மஞ்சள் இல்லை. அப்புறம் அவை யாரையும் கேட்கவில்லை. ரிப்பன் செடி சரளைக்கு அடியில் கொடி ஓட்டி, ஒரு சாண் தள்ளி ஒரு குட்டியை எழுப்பியது. அது இன்னொன்றை எழுப்பியது. நத்தை ஓட்டின் விளிம்பில் புதிதாக ஒரு பழுப்பு வளையம் கட்டியிருந்தது. ஆகஸ்ட் மூன்றாவது வாரம் இலைகள் மேல்மட்டத்தைத் தொட்டு மடிந்து படுத்தன. நெருக்கம் தாங்காமல் யசோதரா கத்தரித்துவிட வேண்டியிருந்தது. அன்று அவள் யாரும் பார்க்காதபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பதிவேடு மேஜைமேலேயேதான் இருந்தது.

சொன்னபடி ஆகஸ்ட் கடைசியில் சுடலைராஜ் வந்தான். தோளில் ஒரு பெரிய கட்டைப் பை. உள்ளே ஆரஞ்சு, ஊதா என்று எந்தக் குளத்திலும் முளைக்காத நிறங்களில் பிளாஸ்டிக் செடிகள். பையை இறக்கி வைத்தவன் தொட்டியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றான். கிட்டே போனான். குனிந்தான். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற, பேனா போன்ற ஒரு மீட்டரை இந்தத் தடவைதான் எடுத்துத் தண்ணீரில் விட்டுப் பார்த்தான். முதல் தடவையே அதை எடுத்திருந்தால் இவ்வளவு கூத்து நடந்திருக்காது.

"சூப்பரா வந்திருக்கே! என்ன மினரல் போடுறீங்க? எந்த பிராண்டு?"

"குழா பிராண்டு."

"என்னம்மா?"

"குழாத் தண்ணி சார். எங்க ஏரியா குழாத் தண்ணி. ஒரு நாள் டிரம்முல புட்ச்சி வச்சி ஊத்துறேன். நீங்க ஊத்தச் சொன்ன கேன் தண்ணிலதான் எல்லாம் அழுவிச்சி."

சுடலைராஜ் மீட்டரைத் துடைத்துப் பையில் வைத்தான். போனில் நாலு பக்கமும் படம் பிடித்தான். பிறகு குரலை இனிப்பாக்கிக்கொண்டு கேட்டான்.

"அம்மா, ஒரு உதவி. அடையாறுல ஒரு ஆபீஸ்ல இதே மாதிரி தொட்டி வச்சோம். அங்க செடி எல்லாம் போயிடுச்சு. இதுலேர்ந்து கொஞ்சம் குடுத்தீங்கன்னா அங்க நட்டுடுவேன். உங்ககிட்டதான் நிறைய இருக்கே."

"அங்கயும் கேன் தண்ணியா?"

"ஆமா, எல்லா இடத்துலயும் அதுதான்."

"அங்க செடி செத்ததுக்கு இன்னா எழுதுனீங்க?"

அவன் முதலில் புரியாத மாதிரிப் பார்த்தான். அவள் பதிவேட்டைத் திறந்து அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இங்க இப்படி எழுதிக்கிறீங்கல்ல? அடையாறுல இன்னா எழுதுனீங்க? இப்பகுதி நீர் ஏற்றதல்லன்னு எழுதுனீங்களா?"

"அங்க... அங்க செடி வெரைட்டி சரியில்லைன்னு போட்டோம்."

படிப்பகத்தில் பக்கம் புரட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. நாற்பது தலைகளும் நிமிர்ந்திருந்தன.

யசோதராவுக்குக் குரல் உயரவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியம்.

"அதே செடி. அதே கேன் தண்ணி. அங்க செத்தா செடி மேல தப்பு. இங்க செத்தா எங்க மேல தப்பு. நல்லாகீது தம்பி உங்க படிப்பு. நான் கேன் தண்ணிதான் ஊத்துறேன்னு சொன்னேன், சரி சரின்னீங்க. நீங்க சொன்னதயே செஞ்சிட்டு நான் பொய்க்காரி ஆனேன்."

"அப்படி நினைச்சு எழுதலம்மா. அது ஒரு ரொட்டீன் ரிப்போர்ட்..."

"ரொட்டீன்தான். அதான் எனக்கு வயிறு எரியுது."

பேனாவின் மூடியைக் கழற்றிப் பதிவேட்டின் மேல் வைத்தாள். சுடலைராஜ் பேனாவை எடுத்தான். நீரின் தரம் தற்போது சீராகியுள்ளது என்று ஆரம்பித்தான்.

"தற்போது இன்னாத்துக்கு? தண்ணி அன்னிக்கும் இதே தண்ணிதான். அத்த அட்ச்சிட்டு எழுதுங்க."

அவன் அடித்தான். அவள் நிறுத்தி நிறுத்திச் சொல்ல, எழுதினான். 'இப்பகுதிக் குழாய்த் தண்ணீரில் செடிகள் செழிப்பாக வளர்கின்றன. முன்பு நான் எழுதியது தவறு.' ராஜ் என்று போடப் போனான்.

"முழுப் பேரும் போடுங்க. அம்மா அப்பா வச்ச பேரு."

சுடலைராஜ் என்று எழுதினான். தமன்னா எழுந்து வந்து அந்தப் பக்கத்தைத் தன் போனில் படம் பிடித்து, "கம்பெனிக்கு நீங்களே அனுப்பிடுவீங்கதானே சார்? இல்லன்னா நாங்க அனுப்பட்டுமா?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டாள். அவன் அங்கேயே நின்று அனுப்பினான்.

அதற்குப் பிறகுதான் யசோதரா தொட்டிக்குள் கையை விட்டாள். கொடுக்க மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வரவில்லை, செடி என்ன பாவம் செய்தது? ஆறு குட்டிகளை வேரோடு பிரித்து ஒரு பாலித்தீன் பையில் போட்டாள். வராந்தாவுக்குப் போய் நீல டிரம்மிலிருந்து இரண்டு மக் தண்ணீர் ஊற்றி முடிச்சுப் போடப் போனாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்கம்மா," என்றான் சுடலைராஜ். "திடீர்னு தண்ணி மாத்தினா செடிக்கு ஒத்துக்காது."

கேட்டுவிட்டுத் தானே தலை குனிந்துகொண்டான். யசோதரா பை நிறைய ஊற்றினாள். பிளாஸ்டிக் செடிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தண்ணீர்ப் பையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, அவன் படி வரைக்கும் போனான். அங்கே நின்றான். ஆகஸ்ட் மாதப் புழுக்கம், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தண்ணீர்ப் பையைக் கீழே வைத்துவிட்டு பாட்டிலை எடுத்துப் பார்த்தான். காலி. மேஜைமேல் குடம் இருந்தது, அதன்மேல் டம்ளர் கவிழ்த்திருந்தது.

யசோதரா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வாசல்படி ஏறி வந்தவர்களுக்குக் கேட்காமலே தண்ணீர் கொடுத்துப் பழகியவள் அவள். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இந்தத் தடவை அவள் கேட்கவில்லை.

சுடலைராஜ் காலிப் பாட்டிலைப் பைக்குள் வைத்தான்.

"ஒரு டம்ளர் தண்ணி குடுக்கிறீங்களாம்மா?"

அவள் மொண்டு கொடுத்தாள். அவன் குடித்து முடித்து டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும் வரைக்கும் அங்கேயே நின்று பார்த்தாள்.